இரண்டரை மணி நேரத்தில் ஒரு கால்வாய்

“நோயாளிகளை நாங்கள் படகில் ஏற்றுவதில்லை, மிஸ்” என்றார் முதலில் போனை எடுத்தவர். சிங்களத்தில்தான் பேசினோம். நான் நோயாளி இல்லை, போன வருடம் முழுக்க எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை என்றேன். அப்படியானால் சக்கர நாற்காலி எதற்கு என்று கேட்டார். நடக்க முடியாது, அதற்கு என்றேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றார். எனக்கு முப்பத்தாறு வயது. போனை வைத்துவிட்டேன்.

இரண்டாமவர் சிரித்தார். மூன்றாமவர் பாதுகாப்பு, பொறுப்பு என்று மரியாதையாக நிறையச் சொல்லி, கடைசியில் முடியாது என்பதையும் மரியாதையாகவே சொன்னார். நான்காவது எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவதாக எடுத்தவர் பெயர் அன்டன். பின்னால் ஒரு சேவல் கத்திக்கொண்டிருந்தது. எத்தனை பேர், எந்த நாள் என்று மட்டும் கேட்டார். நாற்காலி விஷயத்தை நானாகவே சொன்னேன். “நாற்காலி எவ்வளவு அகலம்?” என்றார். பத்தொன்பது வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் மிக நல்ல கேள்வி. அளந்து சொன்னேன்.

நோர்வூட் பஸாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நான் வேலை செய்கிறேன். தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் முக்கிய வேலை. பதினேழு வயதில், மழைக்காலத்து விடியற்காலை ஒன்றில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து சுவரோடு என் மேல் விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அன்றிலிருந்து ஒன்றும் தெரியாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை. கேட்பவர்கள்தான் மேலும் மேலும் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்தில் சமமான இடம் என்றால் இரண்டுதான்: தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம், பள்ளிக்கூட மைதானம். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். லயத்திலிருந்து ரோட்டுக்கு நாற்பத்தோரு படிகள். தினமும் காலையில் அண்ணன் என்னை முதுகில் சுமந்து இறக்கி ஆட்டோவில் ஏற்றுவார். சாயங்காலம் சுமந்து ஏற்றுவார். கோயில், கல்யாண வீடு, துக்க வீடு என்று எங்கே போனாலும் முதலில் ஒரு கூட்டம் கூடி, யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பேசும். நான் நடுவில் ஓர் அலுமாரியைப் போல உட்கார்ந்திருப்பேன்.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் கடையில் வேலையில்லாத நேரத்தில் போனில் அந்தக் கால்வாயைப் பார்த்தேன். கொழும்புக்கு வடக்கே, கடலுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. நேராகப் போகிறது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு படகு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. போன் சூடாகிவிட்டது.

புது நாற்காலிக்கு அளவெடுத்துக் கொடுக்கும் கிளினிக்கும் அந்தப் பக்கம்தான். வருடக்கணக்காகக் காத்திருந்து எனக்கு ஒரு புதன்கிழமை காலை கிடைத்திருந்தது. அண்ணன் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் நிற்கிறார். கொழுந்து கொட்டும் மாதம் என்பதால் செவ்வாய் மத்தியானத்திலிருந்து புதன் முடிய மட்டும்தான் லீவு. வியாழன் காலை ஆறு மணிக்கு மெஷின் அருகில் நிற்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. மழையில் மண் இளகி, கினிகத்தேனைக்கு மேலே ரோட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடி, மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறந்தார்கள்.

ஆக, பதினொரு மணிக்குக் கிளினிக் முடியும். பதினொன்றரைக்குப் படகு. இரண்டு மணிக்கு வேனில் ஏறியாக வேண்டும். இரண்டரை மணி நேரம். ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன்.

“கிளினிக் போற அன்னைக்கே போட்டுலயும் போறதா?” என்றார். “இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்.”

“இன்னொரு நாளு எப்ப அண்ணே? தேதி சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“போட்டுல எப்படி ஏறுவ?”

“பலகை போட்டு. அந்த ஆளுக்கிட்டப் பேசிட்டேன்.”

“கவுந்துச்சுனா?”

“கவுந்துச்சுனா நீங்களும்தான் முங்குவீங்க. உங்களுக்கும் நீச்சல் தெரியாதே.”

புஷ்பா அண்ணி அடுப்படியில் சிரித்துவிட்டாள். அவள் கொழுந்து பறிக்கிறவள். அண்ணன் சத்தம் போடுகிற நேரத்தில் சத்தமில்லாமல் காரியத்தை முடிக்கிறவள். “ஒரு நாளுதானே, போய்ட்டு வருவோமே” என்றாள். “நானும் போட்டுல ஏறுனதில்ல.” அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சரி என்று சொல்லவில்லை, கிழித்தும் போடவில்லை.

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் விஷயம் பரவிவிட்டது. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் பெரியம்மா ஒருவர், “காலு வெளங்காத புள்ளைக்குத் தண்ணியில என்னா வேலை?” என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே. “தண்ணியில யாருக்குமே காலு வேணாம் பெரியம்மா” என்றேன். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய் மத்தியானம் வேன் வந்தது. ஓட்டி வந்தவர் நிமல். கினிகத்தேனைக்காரர், சிங்களவர். ராகலைப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றுவதுதான் அவருடைய வழக்கமான வேலை. வேனுக்குள் லீக்ஸ் வாசனை அப்படியே இருந்தது. ஐந்து வருடமாக ராகலைத் தோட்டங்களில் சாமான் ஏற்றியதில் அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. ஆனால் மரக்கறித் தமிழ். என்னைப் பார்த்து, “நங்கி நல்ல ஃப்ரெஷ்ஷா இருக்கு” என்றார். நங்கி என்றால் தங்கச்சி. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலையிலிருந்து இறங்குவது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்துத் திறக்கும். தேயிலை முடிந்து ரப்பர் ஆரம்பிக்கும் இடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அண்ணி யன்னலை முழுதாகத் திறந்தாள். கினிகத்தேனையில் ஒரு கடையில் பருப்பு வடையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வாங்கி வேனுக்கே கொண்டுவந்தார் நிமல். ரோட்டை மூடும் இரும்புக் குழாயைக் காட்டினார். அப்போது அது மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. “ஆறு மணி ஒரு நிமிசம்னா ஜனாதிபதி வந்தாலும் விடாது” என்றார்.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இரவு வத்தளையில், அண்ணியின் சித்தி மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தங்கினோம். இடியாப்பமும் இறால் குழம்பும் வைத்திருந்தாள். இறால் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பஸாருக்கு வருவதெல்லாம் கருவாடாகி, சுருங்கி, கோபமாக வரும். சாப்பாடு அருமை. தேநீர்தான் சரியில்லை. எங்கள் மலையில் பறிக்கிற கொழுந்தெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது, வத்தளைக்கு வரவில்லை என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

புதன்கிழமை கிளினிக்கில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். யார் மேலும் தப்பில்லை. என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவர்கள்தான் அவர்கள். ஒரு பெண்மணி நாடா வைத்து என் இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் அளந்தார். புது நாற்காலியின் சாய்வைத் திருகித் திருகிச் சரிசெய்தார். அகலம் பழைய நாற்காலி அளவுதான், கனம் மட்டும் பாதி. ஒரு தள்ளுத் தள்ளினேன், அறையின் அந்த முனைக்குப் போய் நின்றது. “எங்கே இவ்வளவு அவசரம்?” என்றார் அந்தப் பெண்மணி. “கால்வாய்க்கு” என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

புது நாற்காலியிலேயே வெளியே வரும்போது பதினொன்று நாற்பது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். “இப்பவே நாப்பது நிமிசம் போச்சு. இப்படியே ஊருக்குப் போயிரலாம். வெள்ளனே போய்ச் சேர்ந்துருவோம்.”

“எழுதுனது ரெண்டு மணி அண்ணே. ரெண்டு மணிக்கு இன்னும் நேரமிருக்கு.”

நிமல் இருவரையும் பார்த்துவிட்டு வேனைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினார். யார் சொல்லித் திருப்பினார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்டன் நான் நினைத்ததைவிட வயதானவர். தலை முழுக்க நரை. மார்பில் சிலுவைச் சங்கிலி. படகு நீலநிற ஃபைபர் படகு. பின்னால் சின்ன மோட்டர். மேலே ஒரு தார்ப்பாய்க் கூரை. துறையில் படியே இல்லை என்று போனில் சொல்லியிருந்தார். படி இல்லைதான். படிகள் இருந்த இடம் உடைந்து, மூன்று அடிப் பள்ளமாக இருந்தது.

“போனில் படி இல்லை என்றீர்களே” என்றேன்.

“இல்லைதானே” என்றார் அன்டன். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் பலகையை மறக்கவில்லை. மீன் பெட்டிகளை இறக்கும் நீளமான பலகையைக் கொண்டுவந்து கரைக்கும் படகுக்கும் இடையில் போட்டார். ஆணி அடித்த குறுக்குச் சட்டங்களைத் தட்டி எடுத்து, நாற்காலியின் அகலத்துக்கு இரு ஓரத்திலும் ரீப்பைச் சட்டம் அடித்து வைத்திருந்தார். அண்ணன் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். வளைந்தது.

“வேணாம். நான் தூக்கிக்கிறேன்” என்று குனிந்தார்.

“தூக்க வேணாம்.”

“ராணி, சொல்றதக் கேளு.”

“அண்ணே, தூக்கி வெக்கிறதுனா நான் வரல. உருட்டிக்கிட்டுத்தான் இறங்குவேன்.”

துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மூன்று நான்கு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் சிங்களத்தில், “பாவம், அந்தப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தால் என்ன?” என்றார். அண்ணனின் காது சிவந்துவிட்டது. அந்த ஆள் சொன்னது புரிந்ததால் இல்லை, தொனி புரிந்ததால்.

மலைநாட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவளுக்குச் சரிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்காலியைத் திருப்பி, முதுகைத் தண்ணீர்ப் பக்கம் வைத்தேன். அப்படித்தான் இறங்க வேண்டும். முன்பக்கமாக இறங்கினால் ஆள் முன்னே போவாள், நாற்காலி பின்னே வரும். முன்சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையை அண்ணனிடம் கொடுத்து, கரையில் நிற்கச் சொன்னேன். அன்டன் படகுக்குள் நின்று கைகளை நீட்டினார். இரண்டு சக்கரங்களையும் உள்ளங்கையால் பிடித்து, விரல் விரலாக விட்டேன். பலகை நடுவில் பலமாக வளைந்தது. படகு ஓரமாக ஒதுங்கியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். “விட்டுக்கிட்டே இருங்க அண்ணே, இழுக்காதீங்க” என்றேன். பிறகு ஒரு சின்ன இடி. சக்கரம் படகின் தரையில் உட்கார்ந்தது.

இதற்கு ஐந்து நிமிடம் என்று தாளில் எழுதியிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணி ஏறுவதற்கு இன்னும் ஐந்து நிமிடம். அவளுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை.

கால்வாயில் போவதைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது ஒன்று, இருந்தது வேறொன்று. வீடியோவில் சத்தம் இருக்கவில்லை. இங்கே மோட்டர் சத்தம், கரையோர வீடுகளின் ரேடியோ, மீன் விற்கிறவரின் ஹார்ன். வீடுகள் எல்லாம் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் பாத்திரம் கழுவியபடி எங்களுக்குக் கையசைத்தாள். கையில் சட்டி இருந்ததால் சட்டியையே அசைத்தாள். கரையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீலச் சேலை கட்டிய மாதா நின்றாள். எங்கள் ரோட்டோரத்து முனியாண்டி மாதிரி, போகிற வருகிறவர்களை எல்லாம் கவனித்துக்கொண்டு. தாழ்வான பாலங்கள் வந்தபோது அன்டன் கூரையை மடக்கிவிட்டு “தலை!” என்பார். நின்றுகொண்டிருந்தவர்கள் குனிவார்கள். நான் மட்டும் குனிய வேண்டியதில்லை, ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

வீடுகள் முடிந்ததும் கண்டல் காடு வந்தது. வேர்களெல்லாம் வெளியே நிற்கும் மரங்கள். ஒரு கபரகொய்யா, பெரிய உடும்பு, முதலைக்குத் தம்பி மாதிரி, கிளையில் படுத்து எங்களைப் பார்த்தது. அண்ணி கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலையும் பிரித்தாள். அன்டன் தன் பங்குக்கு இறால் வடை எடுத்துவைத்தார். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அண்ணன் மட்டும் கைக்கடிகாரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி இருக்கும். ஒரு வளைவுக்கு அப்பால் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. மேலே ஊதாப் பூக்கள், கீழே மோட்டர் விசிறியைச் சுற்றிக்கொள்ளும் வேர்கள். அன்டன் மோட்டரைத் தூக்கிவிட்டு நீளமான கம்பை எடுத்தார். அண்ணனுக்கும் ஒரு கம்பு கொடுத்தார். இருவரும் குத்தித் தள்ளித் தள்ளிப் படகைக் கொண்டுபோனார்கள். நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் கையால் செடிகளைப் பிடித்துப் பின்னால் தள்ளினோம். ரோலர் மெஷினில் ஊறிய அண்ணனின் தோள்கள் இல்லாவிட்டால் நாங்கள் அங்கேயே கிடந்திருப்போம். வெளியே வந்தபோது ஒன்று இருபத்தைந்து.

அன்டன் மோட்டரை இறக்கினார். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்கவில்லை. “கால்வாய் போய்ச் சேரும் களப்புக்கு இன்னும் இருபது நிமிடம்” என்றார் என்னிடம். “போனால் இரண்டு மணிக்குக் கரைக்குப் போக முடியாது. மூன்றரை ஆகிவிடும். இங்கேயே திரும்பினால் பத்து, பதினைந்து நிமிடம்தான் பிந்தும்.”

நான் அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பாதியை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

“திருப்பச் சொல்லு” என்றார்.

“அண்ணே, கால்வா முடியிற எடத்த நான் பார்க்கணும்.”

“பார்த்தது போதாதா? தண்ணி, செடி, மரம். அங்க போனா மட்டும் என்னா இருக்கப் போவுது?”

“தெரியாது. அதுனாலதான்.”

“ரோட்டப் பூட்டிருவாங்க. நாளைக்கு நான் மெஷின்ல நிக்கலைனா என்னா நடக்கும் தெரியுமா? என் வேலை ஒனக்கு வெளையாட்டா போச்சா?”

“வெளையாட்டு இல்ல. நாளைக்கு உங்களுக்குப் பேரு விழாது, ஒரு நாள் சம்பளம் போகும், திட்டும் விழும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

“ஒனக்கு நான் என்னா கொற வெச்சேன்? ஒருநாளாவது சொமக்க மாட்டேனு சொல்லியிருக்கேனா?”

“சொல்லல. பத்தொம்பது வருசமா நீங்க தூக்கிட்டுப் போன எடத்துக்கெல்லாம் வந்தேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு. ஒரு தடவகூட நான் எங்க போகணும்னு யாரும் கேட்டதில்ல. நீங்களும் கேக்கல. இன்னைக்கு நானே சொல்றேன், அங்க போகணும்.”

அவர் கம்பைப் படகுக்குள் போட்டார். அந்தச் சத்தத்துக்கு ஒரு நாரை எழுந்து பறந்தது. அழுதால் அது கெஞ்சுவது போலாகிவிடும் என்று அழவில்லை. பிழை செய்கிறேனோ என்ற எண்ணமும் வந்தது. அவருடைய கைகளில் செடி கீறிய இரத்தக் கோடுகள் தெரிந்தன. ஆனாலும் வாயைத் திறந்து ‘திரும்புவோம்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நான் எதையுமே கேட்டிருக்க மாட்டேன்.

அண்ணிதான் பேசினாள். “நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகலைனா என் பேரும்தான் போகும். அத யாரு கேட்டா?” என்றாள் புருஷனைப் பார்த்து. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். பிறகு சம்பல் இருந்த ஏனத்தைக் கழுவத் தண்ணீரில் கையை விட்டாள். துறையில் படகில் ஏறவே பயந்தவள்.

அண்ணன் படகின் முன்முனையான அணியத்தில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “அவளையே சொல்லச் சொல்லு” என்றார்.

நான் அன்டனிடம், “போங்கள்” என்றேன்.

கால்வாய் முடியும் இடத்தில் வாசல் மாதிரி எதுவுமில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் விலகின, அவ்வளவுதான். பிறகு எங்கே பார்த்தாலும் தண்ணீர். தூரத்தில் ஒரு கோடு போல மறு கரை. நான் மலைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எங்கே பார்த்தாலும் கண் எதிலாவது முட்டி நிற்கும். அங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. உப்புக் காற்று சட்டையை உப்ப வைத்தது. அண்ணி, “யாத்தே” என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்டன் வேகத்தைக் குறைத்தார். அவர் மோட்டரை ஓட்டுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கைப்பிடி. திருகினால் வேகம், தள்ளினால் திசை. காலுக்கு அதில் வேலையே இல்லை.

“நான் ஓட்டவா?” என்றேன்.

அன்டன் என் கைகளைப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார். நாற்காலியைப் பின் பலகையோடு ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி நானே பலகைக்கு மாறினேன். அண்ணி எழுந்து பிடிக்க வந்தவள், பாதியில் நின்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்று அன்டன் இரண்டு தடவை சொன்னார். கேட்டது மண்டைக்குத்தான், கைக்குக் கேட்கவில்லை. மீனுக்காக நட்டிருந்த கம்பு வரிசையை நோக்கிப் படகு நேராகப் போனது. “மற்றப் பக்கம், மற்றப் பக்கம்” என்றார் அன்டன். அணியத்தில் அண்ணன் இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏய், ஏய், ஏய்” என்றார். கடைசி நேரத்தில் கைக்கும் புரிந்தது. கம்புகள் ஒரு முழ இடைவெளியில் விலகிப் போயின. ஒரு கம்பில் உட்கார்ந்திருந்த பறவை எழும்பக்கூட இல்லை.

அதன் பிறகு நேராகப் போனது. கால் மணி நேரம் ஓட்டியிருப்பேன். முன்னால் அண்ணன், நடுவில் அண்ணி. அண்ணனை நான் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கரைக்கு வரும்போது நான்கு மணியாக இன்னும் இருபது நிமிடம். அன்டன் சொன்னதைவிடவும் பிந்தியிருந்தோம். பலகையில் ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம். வலைக்காரர்கள் மூன்று பேர் கேட்காமலே வந்து கயிற்றைப் பிடித்தார்கள். “இழுக்கட்டுமா, மிஸ்?” என்று ஒருவர் கேட்டார். இம்முறை என்னிடம் கேட்டார். இழுங்கள் என்றேன்.

அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. நிமல் இறங்கி அதில் ஒரு பழந்துணியைக் கட்டி, அதன் முனையை அண்ணனிடம் கொடுத்து யன்னல் வழியாக இழுக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார் அண்ணன். கினிகத்தேனைக்கு வந்தபோது ஏழே கால். இரும்புக் குழாய் இறங்கியிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் குடையின் கீழ் நின்று, டோர்ச் வெளிச்சத்தை இடமும் வலமும் ஆட்டினார். முடியாது என்று அர்த்தம்.

“எனக்கு நல்லது, வீடு இங்கதானே” என்றார் நிமல். அவருடைய மனைவி ஒன்றும் கேட்காமல் இன்னும் இரண்டு சுண்டு அரிசி போட்டாள். பலாக்காய்க் கறி, பருப்பு, பொரித்த கருவாடு. வீட்டு வாசலில் இரண்டு படிகள் இருந்தன. அண்ணன் என் எதிரே வந்து நின்றார். தூக்கவில்லை. “எப்படி?” என்று மட்டும் கேட்டார். பின்பக்கமாக இழுங்கள் என்றேன். அதுதான் அன்றிரவு நாங்கள் பேசியது.

வியாழன் காலை ஐந்தரைக்கே குழாய்க்கு முன்னால் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பால் பவுசர், இரண்டு லொறி. மழை விட்டிருந்தது. மலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குத் திறந்தாலும் அண்ணனால் மெஷினுக்குப் போய்ச் சேர முடியாது. அவர் போனை எடுத்து, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவை அழைத்தார். வேனுக்குள் சத்தமில்லாததால் இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குக் கேட்டது.

“என்ன செல்வா, ஆஸ்பத்திரியில சுணங்கிருச்சா?” என்றார் அவர். நல்ல மனிதர்தான். அப்படி ஒரு காரணத்தை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். ஆமாங்க ஐயா என்றால் முடிந்துவிடும்.

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் தலையை அசைக்கவில்லை.

“இல்லைங்க ஐயா. ஆஸ்பத்திரி வேலை நேத்துப் பகலோட முடிஞ்சிருச்சு. அதுக்குப் பெறகு போட்டுல போனோம்.”

“போட்டுலயா?”

“ஆமாங்க. கால்வாயில. களப்பு வரைக்கும்.”

“எதுக்கு?”

“சும்மாதாங்க ஐயா” என்றார் அண்ணன். “தங்கச்சி பார்க்கணும்னுச்சு. நானும் பார்த்தேன். பெரிய எடங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து மெஷின் சத்தத்தோடு, கொழுந்து குவிந்து கிடக்கிறது, ஆள் இல்லை, இது என்ன பொறுப்பு என்று வரிசையாக வந்தது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. போனை வைத்தார்.

“இன்னைக்குப் பேரு இல்லையாம். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமையும் வரணுமாம்” என்றார்.

வெளியே பொலிஸ்காரர் குழாயின் ஒரு முனையை அழுத்தினார். மறுமுனை சேறு சொட்டச் சொட்ட மேலே எழுந்தது. லொறிகள் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தன. நிமல் கியரைப் போட்டு, வேகமாகப் போகட்டுமா என்று கேட்டார்.

“மெதுவாப் போங்க” என்றார் அண்ணன். “வட்டவளையில நிப்பாட்டி நல்ல தேத்தண்ணி ஒண்ணு குடிப்போம். இனி என்னா அவசரம்.”